முளைப்பாரிக்குத் தள்ளிப்போட்ட பத்து நாள்

1

இன்று காலை ஒன்பதரை மணிக்கு எனக்குச் சர்க்கரை வியாதி. பதினொரு மணிக்குக் குடலிறக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரட்டைப் பிள்ளை உண்டாகியிருந்தேன். பயந்துவிடாதீர்கள். டொராண்டோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். நோயாளி "எனக்கு" என்று சொன்னால் நானும் ஆங்கிலத்தில் "எனக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் "நான்" என்றால் தமிழில் நானும் "நான்". சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, அறைக்கு வெளியே நின்று பேசவே கூடாது. வேலையில் சேர்ந்த அன்று இதையெல்லாம் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே வருகிற தமிழர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்து ஆட்கள். முதல் மாதம் ஒரு பெரியவர் "எனக்கு வருத்தம்" என்று சொன்னதை, அவர் மனவேதனையில் இருப்பதாக டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அவர்களுக்கு வருத்தம் என்றால் நோய். கோவில்பட்டியில் பிறந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு பத்து வருடமாக என் பேரில் ஒரு புகாரும் இல்லை. பத்து நாளைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமைதான் விதியை மீறினேன். ஒரே ஒரு வாக்கியம்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். கல்யாணமாகி ஒரு வருடம். இடது மார்பில் புற்றுநோய். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கையில் குளிருக்கான தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: புற்றுநோய்க்கு ஏற்றப்போகும் மருந்து கருமுட்டைகளையும் அழித்துவிடலாம். பிறகு பிள்ளை பிறக்காமல் போகலாம். அதனால் மருந்து தொடங்குவதற்கு முன்பே முட்டைகளை எடுத்து, கணவருடைய விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, உறைய வைத்துப் பத்திரப்படுத்த முடியும். அதற்கு நேரம் இருக்கிறது. ஆனால் மாதவிடாய் வந்த இரண்டாம் நாள் இங்கே வந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தை ஐந்து வருடத்துக்கு முன் டெலிபோனில் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதோடு கூடவே இன்னொன்றும் வந்துவிட்டது. "கோயில், கல்யாணம் என்று அதைத் தள்ளிப்போட மாத்திரை எதுவும் சாப்பிட்டுவிடாதீர்கள்."

அந்தப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நாங்கள் வேதக்காரர் அக்கா. எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை," என்றாள்.

அதையும் நான் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். "நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு அந்த வழக்கமில்லை" என்றதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். தான் மதத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லையே என்றார். நான் சேர்த்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

போன திங்கட்கிழமை என் மேலாளர் ஒரு படிவம் கொடுத்தார். கூடுதலாகப் பேசியதற்கான காரணத்தை எழுத வேண்டுமாம். நாலு வரி இடம் விட்டிருக்கிறது. அந்த நாலு வரியில் அடங்காததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் தங்கை செண்பகம் என்னைவிட எட்டு வயது இளையவள். எங்களுக்குக் கோவில்பட்டியில் பருத்திக்கொட்டை, பிண்ணாக்குக் கடை. அப்பா போன பிறகு அம்மாவே கல்லாவில் உட்கார்ந்து கடையை நடத்தினாள். நான் கல்யாணமாகித் தொண்ணூற்றேழில் இங்கே வந்துவிட்டேன். செண்பகத்தை இரண்டாயிரத்து மூன்றில் புதியம்புத்தூரில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை முருகேசன் பன்னிரண்டு மிஷின் போட்டு ரெடிமேட் துணி தைக்கிறவர். சின்னப் பிள்ளைகள் போடும் கவுன்தான் அவர் சரக்கு. அதைச் சொல்லி உங்களை அழவைக்கிற உத்தேசம் எனக்கில்லை. அந்த ஊரில் பாதிப்பேர் அதைத்தான் தைக்கிறார்கள்.

கல்யாணமாகி எட்டாவது மாதம் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு என்னிடம்தான் சொன்னாள். "பட்டாணி கணக்கா இருந்ததுக்கா, இப்பம் சுண்டைக்காய் அளவு ஆயிட்டு," என்றாள், ஏதோ செடியைப் பற்றிச் சொல்வதுபோல. மதுரையில் காட்டினார்கள். தை மாதக் கடைசியில் ஆபரேஷன் ஆனது. எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை இன்றுவரை யாரும் சொன்னதில்லை. கட்டி ஆபரேஷன் என்பார்கள். அடுத்து வரப்போவதை ஊசி மருந்து என்பார்கள்.

ஊசி மருந்தால் பிள்ளை பிறக்காமல் போகலாம் என்பதை அங்கே யாரும் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்தது இந்த வேலையால்தான். இதே ஆஸ்பத்திரியில் யாருக்கோ மொழிபெயர்த்தபோது காதில் விழுந்தது. மதுரை டாக்டரைப் போனில் பிடித்தேன். முதலில் உயிர், மற்றதெல்லாம் பிறகு என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? காய்கறிக் கடையில் பேரம் பேசுவதுபோல நாளுக்கு நாள் கெஞ்சி, மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வரை அவகாசம் வாங்கினேன். அதற்கு மேல் ஒரு நாளும் தர மாட்டேன், நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சென்னையில் ஒரு டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்தேன். மாதவிடாய் வந்த இரண்டாம் நாள் வர வேண்டும், முட்டை வளரப் பன்னிரண்டு நாள் ஊசி, அதற்குப் பிறகு எடுப்போம் என்றார். கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். எங்கள் பக்கம் யார் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள்? முருகேசன் கல்யாணப் பத்திரிகையையும் மாலையோடு நிற்கும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு அலுவலகத்தில் நின்றார். செண்பகம் தையல் பிரிக்காத புண்ணோடு அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் வந்தவர்கள் எல்லாருமே நல்லவர்களாக இருந்தார்கள். ஒருவரையாவது திட்டித் தீர்க்க முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முருகேசன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அது எங்க பிள்ளையாத்தானே இருக்கும் மதினி?" என்றார். ஆமாம் தம்பி என்றேன். சரி என்று சொல்லிவிட்டார். அவருடைய அம்மா, ஐஸ்பெட்டியில் வைத்த பிள்ளை தங்குமா என்று இரண்டு நாள் முனகிவிட்டுப் பிறகு அவரும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார்.

செண்பகத்துக்கு மாதக்கணக்கு பிசகாது. மார்ச் பத்தாம் தேதி, புதன்கிழமை. இங்கே சமையலறைக் காலண்டரில் அந்த நாளைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்தேன். பத்தாம் தேதி வந்தால் நாள் தாராளமாக மிச்சம் இருந்தது.

அம்மாவிடம் மட்டும் கெடுத் தேதியைச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று நான்தான் தடுத்தேன். "அவளுக்கு வந்ததும் சென்னைக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லி வைத்தோம். எதற்குச் சென்னை என்றுகூட அம்மாவுக்குப் பாதிதான் தெரியும்.

3

அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. படிக்கிற நீங்கள் பெண்களாக இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆண்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத் தேதியை ஜோசியர் குறித்துக் கொடுப்பார். நம் உடம்பின் தேதி அவருக்குத் தெரியாது. இரண்டும் இடித்துக்கொண்டால் மெடிக்கல் கடைக்குப் போய், ஆண்கள் யாரும் நிற்காத நேரமாகப் பார்த்து, "தள்ளிப் போகுறதுக்கு" என்றால் போதும். தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார். டாக்டர் சீட்டு எல்லாம் கிடையாது. என் கல்யாணத்துக்கு நானும் ஆறு நாள் விழுங்கினேன். காதுகுத்து, கிரகப்பிரவேசம், சபரிமலைக்கு மாலை போட்டவர் இருக்கும் வீடு, எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. எங்கள் தெருவில் அதற்குப் பெயரே கிடையாது. "அந்த மாத்திரை" என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

மார்ச் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். ஆபரேஷன் ஆனதிலிருந்து செண்பகம் அம்மா வீட்டில்தான் இருந்தாள். எங்கள் தெருக் காளியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் தொடங்கியிருந்தது. முளைப்பாரி உங்களுக்குத் தெரியும். மண் சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டுப் பயறு விதைத்து, வெளிச்சம் படாத ஒரு வீட்டில் பத்து நாள் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். சாயங்காலம் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். கடைசி நாள் தலையில் சுமந்துபோய்க் கோயிலில் வைத்துவிட்டு ஊருணியில் கரைப்பார்கள். விலக்கான பெண் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் முளை கருகிவிடும் என்பார்கள். யார் பேரில் போட்ட முளை கருகுகிறதோ அவர்களுக்கு ஆகாது என்பார்கள்.

அம்மா உற்சாகமாக இருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரலில் அன்றைக்குத்தான் சத்தமே கேட்டது. "ஏட்டி, செண்பகம் பேர்ல முளைப்பாரி போட்டாச்சு. அவ உசுரோட எந்திரிச்சு வந்தா அவளையே சுமக்க வைக்கேன்னு ஆத்தாட்ட வேண்டியிருந்தேன்லா. நடுவுல அவளுக்கு வந்துரக் கூடாதுன்னு அந்த மாத்திரைய வாங்கிக் குடுத்திருக்கேன். நேத்துலேர்ந்து போடுதா."

"சரிம்மா," என்றேன்.

பிறகு கடையில் பருத்திக்கொட்டை வரத்து எப்படி என்று கேட்டேன். இட்லிக்கு என்ன சட்னி என்று கேட்டேன். போன் பேசும் அட்டையில் இன்னும் இருபது நிமிடம் மீதி இருந்தது. எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. சென்னை டாக்டரம்மாவிடம் வார்த்தைக்கு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொண்டவள் நான். வட்டம் போட்டவள் நான். அம்மா சொன்னது என் காதுக்குப் பால் காய்ச்சினேன் என்பதுபோல விழுந்தது. அவ்வளவு பழக்கமான காரியம் அது.

4

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தேநீர் போட்டுக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். சிவப்பு வட்டம். இன்றைக்கு வந்திருக்குமே என்று நினைத்தேன். அடுத்த நொடி அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அது வராது. வரக் கூடாது என்றுதான் மாத்திரை கொடுத்திருக்கிறது.

உடனே போன் போட்டேன். அங்கே மாலை ஐந்தரை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. முளைப்பாரி வீட்டுக்குக் கும்மிக்குப் போயிருப்பார்கள். மறுபடி போட்டேன். அட்டை தீரும்வரை போட்டேன். வேலைக்குப் போகிற பஸ்ஸில் விரல் விட்டு எண்ணினேன். பதினாறாம் தேதி முளைப்பாரி கரைக்கிறார்கள். அன்றோடு மாத்திரையை நிறுத்தினால் இரண்டு நாளில், பதினெட்டாம் தேதி வந்துவிடும். மறுநாள் ஊசி. பன்னிரண்டு நாள். முப்பத்தொன்றுக்குள் முடிந்துவிடும். மூச்சு விட இடமில்லை, ஆனாலும் போதும்.

மறுநாள் போன் கிடைத்தது. செண்பகமே எடுத்தாள். மாத்திரையை இப்போதே நிறுத்து என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள், முளை நன்றாக வந்திருக்கிறது, அம்மா ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். நான் யோசித்தேன். நிறுத்தச் சொன்னால் பாதித் திருவிழாவில் வந்துவிடும். வேண்டுதல் முறியும். நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அந்த முளைதான் காரணம் என்று அம்மா சாகும்வரை நெஞ்சில் அடித்துக்கொள்வாள். என் கணக்கிலோ நாள் இருக்கிறது. நான் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பதினாறாம் தேதி அவள் முளைப்பாரி எடுத்தாள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழும்பாது. வலது கையால் மட்டும் சட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாளாம். விழுந்துவிடுமோ என்று முருகேசன் இடது பக்கம் கையை உயர்த்திக்கொண்டே ஊருணிவரை கூட வந்தாராம். ஆம்பிளை முளைப்பாரிக்குப் பக்கத்தில் வரலாமா என்று யாரோ கேட்டதற்கு அம்மா அவர்களோடு சண்டைக்குப் போனாளாம். பயிர் முழங்கை உயரம் வளர்ந்திருந்ததாம்.

பதினெட்டாம் தேதி வரவில்லை. பத்தொன்பது, இருபது. தினமும் காலையில் கூப்பிட்டேன். ஏற்கெனவே கத்தி பட்ட உடம்பு, மயக்க மருந்து, பயம், இதில் எது தள்ளிப்போட்டதோ, மாத்திரை எவ்வளவு தள்ளியதோ, யாருக்குத் தெரியும். தாய்மையும் கடவுளும் மெடிக்கல் கடையும் சேர்ந்து கட்டிய முடிச்சை நான் டொராண்டோவில் உட்கார்ந்து அவிழ்க்க முடியுமா? வேலைக்குப் போய் யார் யாருடைய நோயையோ "எனக்கு, எனக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி வந்தது. அன்று சாயங்காலமே ரயில் ஏறினார்கள், முருகேசனும் அவர் அம்மாவும் செண்பகமும். சென்னை டாக்டரம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் குறைகிறதே என்றார். இவர்கள் எதிரிலேயே மதுரைக்குப் போன் போட்டு ஒரு வாரம் கேட்டார். மதுரை டாக்டர் மறுத்துவிட்டார். டாக்டரம்மா போனை வைத்துவிட்டு, மாதக்கணக்கு பிசகாது என்றீர்களே, தள்ளிப்போக ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். செண்பகம் இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் ஆபரேஷன் அதிர்ச்சிதான் என்று அவர் முடித்துக்கொண்டார்.

மூன்று பேரும் மறுநாள் ரயிலிலேயே திரும்பினார்கள். செண்பகம் எனக்குப் போன் செய்து, ஆபரேஷன் அதிர்ச்சி என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். பாவம், மாத்திரைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இவளுக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். "அப்பிடித்தான் இருக்கும்," என்றேன்.

ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு மாதவிடாய் நின்றது. அது திரும்ப வரவேயில்லை.

5

மருந்தெல்லாம் முடிந்த பிறகு தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம் சாப்பிடச் சொன்னார்கள். அது முடியும்வரை பிள்ளைப் பேச்சு கூடாது. அம்மாவுக்கு அந்த ஐந்து வருடம் பெரிய ஆறுதல். ஆறாவது வருடம் பிள்ளை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் நான் ஊருக்குப் போயிருந்தபோது செண்பகமும் கோவில்பட்டிக்கு வந்திருந்தாள். ஒரு காலையில் பார்த்தால் பின்கட்டில் தனியாகப் பாய் விரித்து, தனித் தட்டு, தனி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தள்ளி நின்று அவளுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அம்மா கடைக்குப் போன பிறகு போய், என்னடி இது, வந்துவிட்டதா என்று கேட்டேன். "எங்கருந்து வர. அம்மா பாக்கட்டும்னுதான்," என்றாள். அம்மா வீட்டுக்கு வரும்போது நாள் கணக்குப் பார்த்து மூன்று நாள் அப்படி உட்கார்ந்துவிடுவாளாம். அந்த மூன்று நாளும் நானும் போய் அவள் பாய்க்குத் தள்ளியே உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

முருகேசன் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் அம்மா கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார். அவர் மிஷின்கள் இப்போது இருபது ஆகிவிட்டன.

என் மகள் அபிராமிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ஆபி. இந்தக் குளிர்காலத்தில் அவள் பெரியவளாகி, மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூட நர்ஸிடம் கேட்டுத் தானே பார்த்துக்கொண்டாளாம். பாட்டிக்குச் சொல்லலாமா, சடங்கு வைக்க ஆசைப்படுவாளே என்றேன். என் உடம்பு எப்படி ஊர்ச் செய்தி ஆகும் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பொறாமையும் வந்தது என்பதை மறைப்பானேன்.

ஆஸ்பத்திரிப் படிவத்தை மேசையில் பார்த்து என்ன என்று அவள் கேட்டதால், முதல்முறையாக அவளுக்குச் சித்தி கதையைச் சொன்னேன். பாட்டி ஏன் டாக்டரைக் கேட்கவில்லை? சித்தி ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை? நீ ஏன் சொல்லவில்லை? கேள்விகளை வரிசையாக வைத்தாள். எல்லாம் சரியான கேள்விகள். ஒவ்வொருவரும் இன்னொருவர் மனது நோகக் கூடாது என்று இருந்தோம் என்றேன். அவள் புருவத்தை உயர்த்தினாள். அந்தப் பதிலைத் தமிழில் சொன்னால் அர்த்தமாக இருக்கிறது, ஆங்கிலத்தில் சொன்னால் முட்டாள்தனமாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளராகச் சொல்கிறேன், நம்பலாம்.

6

படிவத்தில் "தவறுதான், இனி எதையும் சேர்த்துச் சொல்ல மாட்டேன்" என்று ஒரே வரி எழுதினேன். மிச்ச மூன்று வரி வெறுமையாகவே கிடக்கிறது.

ஆனால் அபிராமியின் கேள்வி விடவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. இந்த வருடப் பங்குனிப் பொங்கல் முளைப்பாரி முந்தாநாள்தான் கரைத்திருந்தார்கள். செண்பகத்தின் செல்போனுக்குக் கூப்பிட்டேன். கோவில்பட்டியில்தான் இருந்தாள். கொஞ்சம் தனியாக வா என்றேன். கொல்லைப்பக்கம் வந்துவிட்டேன், சொல்லு என்றாள்.

ஐந்து வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். அம்மா கொடுத்த அந்த மாத்திரையால்தான் நாள் போனது. அது எனக்கு அந்தப் புதன்கிழமையே தெரியும். நிறுத்து என்று சொல்லத்தான் மறுநாள் கூப்பிட்டேன், சொல்லாமல் வைத்துவிட்டேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளுக்குப் பின்னால் கோயில் ஸ்பீக்கரைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"உனக்குப் புதன்கிழமை தெரிஞ்சிது. எனக்கு மாத்திரைய வாயில போடும்போதே தெரியும்க்கா," என்றாள். "அம்மா ஒரு கையில மாத்திரையும் ஒரு கையில தண்ணிச் செம்புமா நிக்கா. என் உசுருக்குல்லா வேண்டியிருக்கா. வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல? நாள் இருக்குன்னு நானும் எண்ணித்தான் பாத்தேன்."

"அப்பம் டாக்டரம்மா கேட்டப்போ?"

"பக்கத்துல அத்தை இருந்தாவ. அம்மாதான் குடுத்தான்னு தெரிஞ்சா அவிய அம்மாவ உசுரோட விடுவாவளா? இல்லைன்னுட்டேன்." பிறகு, "நீ இத்தன வருசமா இதையா வச்சிக்கிட்டு இருந்த? விடுக்கா," என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் யாருட்டி போன்ல என்று அம்மாவின் குரல். "பெரியவதாம்மா," என்ற செண்பகம், என்னிடம் அவசரமாக, "அம்மாட்ட ஒண்ணும் சொல்லிராத," என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அதனால் சத்தமாகப் பேசுகிறாள். "ஏட்டி, இந்த வருசமும் அவதான் எடுத்தா பாத்துக்க. மாத்திரை வாங்கட்டான்னு கேட்டேன். வேண்டாம்மா, எனக்குத் தேதி தள்ளித்தான் வருதுன்னுட்டா. இந்த அஞ்சு வருசமும் ஒரு திருநாளுக்காவது அவளுக்குத் தடங்கல் வந்திருக்கா? எல்லாம் ஆத்தா பாத்துக்கிடுதா. டாக்டர் மாத்திரையும் இந்த ஆவணியோட தீந்துரும்லா. அடுத்த பங்குனிக்கு வயித்துல பிள்ளை இருக்கும், அவளால சுமக்க முடியாது. அவளுக்குப் பதிலா நீ வந்து எடுக்கணும். இப்பமே சொல்லி வச்சிருக்கேன், லீவு கேட்டு வச்சிக்க."

செண்பகம் பக்கத்தில்தான் நின்றிருப்பாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

"சரிம்மா," என்றேன்.